கல்யாண மேசையும் பூக்கட்டும் கையும்

எங்கள் தெருவில் சென்ற ஆவணியில் ஒரு கல்யாணம் நடந்தது. பெண்ணின் தகப்பனார் சுமைப்பணித் தொழிலாளி. மாட்டுத்தாவணி மார்க்கெட்டில் விடியுமுன்பே போய் லாரியிலிருந்து மூட்டை இறக்குகிறவர். மண்டபத்துக்கும் சாப்பாட்டுக்கும் நகைக்கும் கடன் வாங்கி முடித்த பிறகு, கடைசியாக ஒரு டெக்கரேஷன்காரர் வந்து சேர்ந்தார். கையில் போன், போனில் நூறு படங்கள். மண்டபத்து வாசலில் போடுகிற வரவேற்பு மேசையை அலங்கரிப்பதற்கு மட்டும் எட்டாயிரம் ரூபாய் என்றார். மேடை இதில் சேராது. அது தனிக் கணக்கு.

எட்டாயிரம் ரூபாய்க்கு என்ன கிடைக்கும்? பளபளக்கும் துணி ஒன்று, பித்தளை உருளி ஒன்று, பிளாஸ்டிக் கொடிகள், பிளாஸ்டிக் ரோஜாக்கள், மணமக்கள் பெயரை வெட்டி ஒட்டிய தெர்மாகோல் அட்டை ஒன்று. முகூர்த்தம் முடிந்ததும் பெயர் அட்டையைத் தவிர எல்லாவற்றையும் தாங்களே எடுத்துக்கொண்டு போய்விடுவதாக அவர் சொன்னார். ஏதோ சலுகை காட்டுவதைப்போலச் சொன்னார்! ஐந்து மணி நேர வாடகை எட்டாயிரம் ரூபாய். மூட்டை தூக்கும் மனிதருக்கு அது பத்து நாள் கூலி. அதுவும் பத்து நாளும் லாரி வந்து, பத்து நாளும் முதுகு ஒத்துழைத்தால்.

வரவேற்பு மேசை என்பது என்ன? சந்தனம், குங்குமம், கல்கண்டு, பன்னீர்ச் செம்பு, ஒரு தட்டில் பூ. வருகிறவரை “வாங்க” என்று சொல்வதற்காக வாசலில் வைத்த பலகை. நமது தாத்தாக்கள் காலத்தில் திண்ணையே மேசையாக இருந்தது. வருகிறவர் கௌரவம் பன்னீர்த் துளியில் இருந்தது. உருளியின் சுற்றளவில் இருக்கவில்லை. இன்றோ, அந்த மேசைக்கு முன்னால் நின்று படம் எடுத்துக்கொள்ளாமல் யாரும் உள்ளே போவதில்லை. ஆகவே மேசை வளர்கிறது. மேசையோடு கடனும் வளர்கிறது. கந்துவட்டிக்கு எதிராக 2003-ம் ஆண்டில் தமிழ்நாட்டில் சட்டம் போட்டார்கள். சட்டம் இருக்கிறது, வட்டிக்காரரும் இருக்கிறார். கல்யாணப் பந்தலின் பின்வாசலில்தான் அவர் பெரும்பாலும் நிற்கிறார்.

“மேசையை நாமே செய்துவிடுவோம்” என்று தெருவில் நாலு பேர் சொன்னார்கள். அதில் இதை எழுதுகிறவனும் ஒருவன். எப்படிச் செய்தோம் என்பதைச் சொல்லிவிடுகிறேன். வாசகர்களில் பலருக்குப் பயன்படும். ஆனால் இந்தக் கட்டுரை அதற்காக மட்டும் எழுதப்படவில்லை. செய்கிறபோது ஒரு சகோதரி கேட்ட ஒரு கேள்விதான் என்னை எழுத வைத்தது.

செய்தது என்ன?

முதலில் வாழை. சோழவந்தான் பக்கம் பெண்ணின் மாமன் வீட்டுக் கொல்லையில் தார் வெட்டிய மரங்கள் கிடந்தன. வெட்டிப்போட்ட மரத்துக்கு யாரும் காசு கேட்பதில்லை. பஸ்ஸில் ஏற்ற கண்டக்டர் சம்மதிக்காததால் பால் வண்டியில் வந்து சேர்ந்தது. அடித்தண்டை முழ நீளத்துக்கு மட்டமாக அறுத்து நிமிர்த்தி வைத்தால், அதுவே பூ செருகும் தூண். கேந்திப்பூவைத் தென்னை ஈர்க்கில் கோத்துத் தண்டில் வரிசையாகக் குத்த வேண்டும். கோழிக்கொண்டையைப்போலக் காம்போடு உள்ள பூவாக இருந்தால், சிறு துளை போட்டுக் காம்பையே செருகிவிடலாம். தண்டின் ஈரம் அதை உச்சிவேளை வரை வாடவிடாது. ஒரு எச்சரிக்கை: வாழைக்கறை துணியில் பட்டால் ஜன்மத்துக்கும் போகாது. அறுத்த தண்டை ஓர் இரவு சாய்த்து வைத்து நீரை வடித்து, தட்டின்மேல்தான் நிறுத்த வேண்டும்.

பிறகு தென்னங்குருத்து. குருத்தோலையில் கிளி, பம்பரம், பந்து, சடை என்று பின்னத் தெரிந்தவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள்; யாரும் கேட்காததால் சும்மா இருக்கிறார்கள். எங்கள் தெருவில் அப்படி ஒருவர் எழுபது வயதைத் தாண்டிய முன்னாள் மில் தொழிலாளி. ஒரு சாயங்காலத்துக்குள் பன்னிரண்டு பையன்களுக்குக் கிளி பின்னக் கற்றுக்கொடுத்துவிட்டார். குருத்தை ஈரச்சாக்கில் சுற்றி வைத்தால் மறுநாள் காலைவரை வெளுப்பு மாறாது. காய்க்கிற மரத்தின் குருத்தில் கைவைப்பது மரத்துக்குக் கேடு. வெட்டப்போகிற மரம் எங்கே இருக்கிறது என்று விசாரித்து எடுப்பதே முறை.

மேசை விரிப்புக்குப் பெண்ணின் தாயாரிடமிருந்த சுங்குடிச் சேலை. மதுரைச் சுங்குடிக்கு 2005-ம் ஆண்டிலேயே புவிசார் குறியீடு கிடைத்துவிட்டது. ஆயினும் கல்யாண மண்டபத்தில் அதை யாரும் விரிப்பதில்லை. எங்கிருந்தோ வந்த வழுவழுப்புத் துணிதான் வேண்டியிருக்கிறது. ஒவ்வொரு புள்ளியும் ஒரு முடிச்சு, ஒவ்வொரு முடிச்சும் ஒரு பெண்ணின் விரல்நுனி. மேசையில் விரித்தபோது அந்தச் சேலையைப் பார்க்கத்தான் ஜனங்கள் நின்றார்கள். உருளிக்குப் பதிலாக விளாச்சேரி மண்சட்டிகளில் தண்ணீர் நிரப்பி, கேந்தி இதழ்களை மிதக்கவிட்டோம். பெயர்ப் பலகைக்குச் சுளகு. புதுச் சுளகில் காவி பூசி, சுண்ணாம்பால் மணமக்கள் பெயரை எழுதினார் ஒரு சுவர் விளம்பர ஓவியர்.

தெர்மாகோலைப் பற்றி ஒரு வார்த்தை. அந்தப் பெயரைக் கேட்டாலே மதுரைக்காரர்களுக்குச் சிரிப்பு வரும். 2017 ஏப்ரலில், வைகை அணையில் தண்ணீர் ஆவியாகாமல் தடுக்க ஓர் அமைச்சர் தெர்மாகோல் அட்டைகளை மிதக்கவிட்டதும், காற்று அவற்றைக் கரையில் கொண்டுவந்து ஒதுக்கியதும் நாடறிந்த கதை. சிரிப்பு ஒருபுறம் இருக்கட்டும். அலங்காரத்துக்குத் தெர்மாகோலைப் பயன்படுத்துவதே 2022 ஜூலை 1 முதல் இந்தியா முழுவதும் தடை செய்யப்பட்டிருக்கிறது. சாப்பாட்டு மேசையில் விரிக்கிற பிளாஸ்டிக் தாளுக்கு 2019 ஜனவரி 1 முதலே தமிழ்நாட்டில் தடை உண்டு. தெருவோரத்தில் பிளாஸ்டிக் பையில் கீரை விற்ற கிழவிக்கு அபராதம் போட அதிகாரிகள் வருகிறார்கள். லட்ச ரூபாய் வாடகை வாங்கும் மண்டபத்தில் தெர்மாகோல் இதயம் தொங்குவதை அவர்கள் பார்த்ததாகத் தெரியவில்லை. விருந்துக்கு வந்தபோது பார்த்திருப்பார்களோ என்னவோ!

சகோதரியின் கேள்வி

வாழை இலவசம், குருத்து இலவசம், சேலை வீட்டுச் சேலை. இந்த உற்சாகத்தில் பெண்ணின் தகப்பனார் ஒரு காரியம் செய்தார். அதே தெருவில் பூக்கட்டிப் பிழைக்கும் ஒரு பெண் இருக்கிறார். கணவரை இழந்தவர், இரண்டு குழந்தைகள். அவரிடம் போய், “பூ நாங்க வாங்கித் தந்துர்றோம் தாயி, நம்ம வீட்டுக் கல்யாணந்தானே, நீ கட்டி மட்டும் குடுத்துரு” என்றார்.

அவர் சொன்ன பதில் இது: “குருத்துப் பின்ன வாரேன்ணே, சட்டி கழுவ வாரேன், மதினிகூட உக்காந்து வெத்தலை மடிக்கவும் வாரேன். அதெல்லாம் நம்ம வீட்டுக் காரியம். பூக் கட்டுறது என் பொழப்புண்ணே. மூட்டை தூக்குறதை நீங்க யாருக்காச்சும் சும்மா தூக்குவீங்களா?”

மனிதர் வாயடைத்து நின்றார். நாங்களும் நின்றோம். ஏனென்றால் மலிவு, சிக்கனம் என்று நாங்கள் பேசிக்கொண்டிருந்தது யாருடைய கையிலிருந்து எடுத்த மலிவு என்பதை அந்தப் பெண் ஒரே வாக்கியத்தில் காட்டிவிட்டார். டெக்கரேஷன்காரரின் லாபத்தை வெட்டினால் அது சிக்கனம். பூக்கட்டுகிறவரின் கூலியை வெட்டினால் அதற்குப் பெயர் வேறு. இரண்டும் ஒரே கணக்குப் புத்தகத்தில் ‘மிச்சம்’ என்றுதான் எழுதப்படும். அங்கேதான் மோசம் நடக்கிறது.

பூக்கட்டும் கூலி என்பது எப்படிப்பட்ட கூலி? நமது ஊரின் பெருமை மல்லிகை. 2013-ம் ஆண்டில் மதுரை மல்லிக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. திருமங்கலத்திலும் உசிலம்பட்டியிலும் நிலக்கோட்டையிலும் சூரியன் உதிக்குமுன் மொட்டாகப் பறிக்கிறார்கள். பறிக்கிறவருக்குக் கிலோக் கணக்கில் கூலி. சாயங்காலத்துக்குள் மொட்டு விரிந்துவிடும். நெல்லைப்போல, பருத்தியைப்போல விலை வரட்டும் என்று கட்டி வைக்க முடியாது. ஆகவே கமிஷன் கடையில் அன்றைக்கு என்ன விலை சொல்கிறார்களோ அதுதான் விலை. வெயில் காலத்தில் பூ குவியும்போது கிலோ இருநூறு ரூபாய்க்கும் கேட்பாரில்லை. மார்கழி, தை மாதங்களில் பனியில் விளைச்சல் அடிபட்டுப்போகும். தை முகூர்த்தமும் அப்போதே வந்து சேரும். கிலோ மூவாயிரத்தைத் தாண்டிப் பத்திரிகைகளில் செய்தியாகும். விவசாயிக்குப் பூ இருக்கும் நாளில் விலையில்லை. விலை இருக்கும் நாளில் பூவில்லை.

பூக்கட்டும் பெண்ணுக்கோ இரண்டு நாளும் ஒரே நாள்தான். “பூ விலை ஏறுனாலும் எறங்குனாலும் கட்டுக்கூலி மாறாதுண்ணே. வெலை ஏறுனா கடைக்காரர் கொஞ்சமா வாங்குவாரு, எனக்கு வேலை கொறையும். அம்புட்டுத்தான் எனக்கும் வெலைக்கும் உள்ள சம்பந்தம்” என்றார் அந்தச் சகோதரி. காலையில் கடைக்காரர் பூவை எடை போட்டுத் தருவார். நாரை நனைத்து, பூவை அடுக்கி, நெருக்கமாகக் கட்டிக் கொடுக்க வேண்டும். நெருக்கமாகக் கட்டினால் முழம் குறைகிறது என்று கடைக்காரர் முகம் சுளிப்பார். தளர்த்திக் கட்டினால் வாங்குகிறவர் ஏசுவார். கட்டி முடிப்பதற்குள் கழுத்து பிடித்துக்கொள்ளும், விரலிடுக்கு ஈரத்தில் வெந்துபோகும். பிள்ளை பள்ளிக்கூடத்திலிருந்து வந்ததும் பக்கத்தில் உட்கார்ந்து பூவை அடுக்கிக் கொடுக்கும். அந்தப் பிள்ளையின் வேலைக்குக் கணக்கே கிடையாது.

இது மதுரைக்கு மட்டும் உரிய கதையல்ல. நூறு வருஷங்களுக்கு முன் அமெரிக்காவின் நியூயார்க் நகரத்தில் இத்தாலியிலிருந்து குடியேறிய தாய்மார்கள், இருட்டு அறைகளில் சாப்பாட்டு மேசையைச் சுற்றி உட்கார்ந்து, பள்ளி செல்லும் வயதுக் குழந்தைகளோடு தொப்பிக்கான காகிதப்பூ, துணிப்பூ கட்டினார்கள். லூயிஸ் ஹைன் என்ற புகைப்படக்காரர் 1908 முதல் சில வருஷங்கள் அலைந்து அந்தக் காட்சிகளைப் படமெடுத்தார். அங்கே போலிப்பூ; இங்கே அசல்பூ. கூலி மட்டும் இரண்டு இடத்திலும் ஒரே மாதிரித் துண்டுக்கூலி.

பீடிக்கு உண்டு, பூவுக்கு இல்லை

அந்தச் சகோதரியைத் தொழிலாளி என்று யார் ஒப்புக்கொள்கிறார்கள்? கடைக்காரரைக் கேட்டால், “பக்கத்து வீட்டு அக்கா, சும்மா இருக்கிற நேரத்தில் கட்டித் தருது” என்பார். இந்த ‘சும்மா இருக்கிற நேரம்’ என்ற வார்த்தையை நாம் வேறு இடத்தில் கேட்டிருக்கிறோம். நெல்லைச் சீமையிலும் வேலூர்ப் பக்கத்திலும் வீட்டில் உட்கார்ந்து பீடி சுற்றிய பெண்களைப் பற்றிப் பீடிக் கம்பெனி முதலாளிகள் சொன்னதும் இதையேதான். “அவர்கள் எங்கள் தொழிலாளிகளே அல்ல, எங்கள் கூரையின்கீழ் வேலை செய்யவில்லையே” என்றார்கள். 1966-ம் ஆண்டில் பீடி, சுருட்டுத் தொழிலாளர் சட்டம் வந்தது. வீட்டில் இருந்தபடி சுற்றுகிறவரும் தொழிலாளிதான் என்று அது சொல்லிற்று. கம்பெனிகள் உச்சநீதிமன்றம் வரை போயின. மங்களூர் கணேஷ் பீடி ஒர்க்ஸ் வழக்கில் 1974-ல் சட்டம் செல்லும் என்று தீர்ப்பாயிற்று. 1976-ல் நலநிதிச் சட்டமும் வந்தது. அடையாள அட்டை வந்தது, வைப்புநிதி வந்தது. சட்டத்தில் உள்ளதெல்லாம் கையில் கிடைத்துவிட்டதா என்பது வேறு கதை. ஆனால் கேட்பதற்கு ஒரு பிடி கிடைத்தது.

பூக்கட்டுகிறவருக்கு அப்படி ஒரு பிடி எங்கே இருக்கிறது? வீட்டிலிருந்து வேலை செய்கிறவர்களைப் பற்றி 1996-ல் சர்வதேசத் தொழிலாளர் ஸ்தாபனம் 177-ம் எண் உடன்படிக்கையை நிறைவேற்றியது. இந்தியா இன்றுவரை அதில் சேரவில்லை. துண்டுக்கூலிக்கும் குறைந்தபட்ச விகிதம் நிர்ணயிக்கலாம் என்று 1948-ம் ஆண்டின் குறைந்தபட்சக் கூலிச் சட்டமே சொல்லிற்று. ஆக, ஒரு முழத்துக்கு இவ்வளவு, ஒரு கிலோவுக்கு இவ்வளவு என்று நிர்ணயிப்பது ஆகாத காரியமல்ல. எழுபது வருஷங்களுக்கும் மேலாக ஏட்டில் இருக்கிற காரியம்.

இங்கே ஒரு நியாயமான ஆட்சேபணை எழும். பீடிக்கு முத்திரை போட்ட கம்பெனி உண்டு; பூவுக்கு யார்? பிளாட்பாரத்தில் கூடையோடு உட்கார்ந்திருக்கும் கடைக்காரரும் ஏழைதானே, அவரிடம் போய்ச் சட்டம் பேசலாமா? உண்மை. அவர் முதலாளி அல்ல. பல சமயம் அவரே கமிஷன் கடையில் கடன் சொல்லித்தான் பூ எடுக்கிறார். ஆகவே முழப் பூ விற்கிறவரின் மடியில் கைவைப்பதல்ல விஷயம். கல்யாண மண்டபத்துக்கு மேடை அலங்காரம் ஒப்பந்தம் எடுக்கிற பெரிய டெக்கரேஷன்காரர்கள் இருக்கிறார்கள். வெளிநாட்டுக்குச் சரம் அனுப்புகிற ஏற்றுமதிக்காரர்கள் இருக்கிறார்கள். அவர்களுடைய பூவும் இதே பெண்களின் விரல்களில்தான் கட்டுண்டு போகிறது. அந்த இடத்தில் விகிதம் நிர்ணயித்தால் சந்தை முழுவதும் அந்த விகிதம் பரவும். தமிழ்நாட்டில் 1982-ம் ஆண்டின் உடலுழைப்புத் தொழிலாளர் சட்டத்தின்கீழ் பல தொழில்களுக்கு நலவாரியங்கள் இருக்கின்றன. உறுப்பினர் வீட்டுக் கல்யாணத்துக்கு உதவித்தொகையும் உண்டு. ஊரார் கல்யாணத்துக்கெல்லாம் பூக்கட்டுகிற பெண், தன் மகள் கல்யாணத்துக்கு அந்த உதவி கேட்டுப் போனால், என்ன தொழில் என்று எழுதுவாள்? ‘வீட்டு வேலை’ என்று எழுதி அனுப்பிவிடப் போகிறார்கள்.

பழைய காலத்துப் பந்தல்

இப்படிப் பேசினால் சில பெரியவர்கள், “அந்தக் காலத்தில் ஊரே கூடிக் கல்யாணம் செய்தது, காசு, கூலி என்ற பேச்சே கிடையாது” என்று பெருமூச்சு விடுகிறார்கள். அந்தப் பெருமூச்சை நான் நம்பவில்லை. அந்தக் காலத்தில் பந்தலுக்கு மேற்கட்டித் துணி கட்டியது யார்? நடைபாவாடை விரித்தது யார்? வண்ணார் வீட்டுக்காரர். மாலை கட்டியது பண்டாரம். மேளம் அடித்தவர்கள் சேரியிலிருந்து வந்து பந்தலுக்கு வெளியே நின்றார்கள்; சாப்பாடும் வெளியேதான். களத்தில் நாலு மரக்கால் நெல் போடுவார்கள். அதுவும் போடுகிறவர் மனசைப் பொறுத்தது. வரமாட்டேன் என்று சொல்லும் உரிமை அவர்களில் யாருக்கும் இருந்ததில்லை. கூலிப் பேச்சு இல்லாததற்குக் காரணம் அன்பல்ல; பேச வாயில்லாததுதான். அந்தப் பந்தலுக்குத் திரும்பிப் போகச் சொல்லி யாரும் நம்மைக் கேட்க வேண்டாம்.

கூடிச் செய்வது வேறு; குடிமகன் செய்வது வேறு. சித்திரைத் திருக்கல்யாணத்தன்று சேதுபதி பள்ளிக்கூடத்தில் நடக்கிற கல்யாண விருந்தைப் பார்த்தவர்களுக்கு இந்த வித்தியாசம் தெரியும். முதல் நாள் இரவே பெண்கள் கூட்டம் கூட்டமாக வந்து காய் நறுக்குகிறார்கள். யாரும் யாரையும் ஏவுவதில்லை. வந்தவர்கள் சாப்பிட்டுவிட்டு மொய்யும் எழுதிவிட்டுப் போகிறார்கள். மீனாட்சி கல்யாணத்துக்கே மொய் வைக்கிற ஊர் நம்முடையது! மனமுவந்து வருகிற கை அது. தொழிலாகச் செய்கிற கை வேறு. இரண்டையும் குழப்பினால், முதலில் நஷ்டப்படுவது தொழிலாகச் செய்கிறவர்.

இன்னொரு குழப்பமும் உண்டு. ‘வீட்டிலேயே செய்தது’ என்றால் வீட்டுப் பெண்கள் செய்தது என்று ஆகிவிடுகிறது. சமையலும் அவர்களே, விருந்தாளியும் அவர்கள் பொறுப்பே, நடுராத்திரியில் கேந்தி கோப்பதும் அவர்களே என்றால், டெக்கரேஷன்காரரின் எட்டாயிரத்தைப் பெண்களின் தூக்கத்திலிருந்து மிச்சம் பிடித்தோம் என்றுதான் அர்த்தம். எங்கள் தெருவில் குருத்துப் பின்னியது பையன்கள். வாழை அறுத்தது ஆண்கள். ஈர்க்கில் கேந்தி கோத்ததில் பாதிக்கு மேல் பெண்கள்தான் என்பதையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். அங்கே நாங்கள் தேறவில்லை.

சட்டம் கேட்கிற அலங்காரம்

“ஆயிரம் சொல்லுங்கள், கல்யாணம் என்றால் நாலு பேர் பார்க்க வேண்டாமா?” என்று கேட்பவர்களுக்கு ஒரு செய்தி. அண்ணாதுரை முதலமைச்சராக இருந்தபோது, 1967-ல் சட்டசபையில் நிறைவேறி 1968 ஜனவரியில் அமலுக்கு வந்த சுயமரியாதைத் திருமணச் சட்டத்தின்படி, உற்றார் உறவினர் அல்லது நண்பர்கள் முன்னிலையில் இருவரும் ஒருவரையொருவர் ஏற்பதாகச் சொல்லி, மாலை மாற்றிக்கொண்டாலே போதும். அல்லது மோதிரம் மாற்றலாம், தாலி கட்டலாம். அதாவது, சட்டம் கேட்கிற அதிகபட்ச அலங்காரம் இரண்டு மாலை. அதற்கு மேல் உள்ளதெல்லாம் நாமாகச் சேர்த்துக்கொண்டது. சேர்த்துக்கொள்ளக் கூடாது என்று சொல்ல நான் வரவில்லை. வருஷம் முழுவதும் மூட்டை தூக்குகிற மனிதருக்குத் தன் மகள் கல்யாணத்தன்று வாசலில் நாலு பூ நிற்க வேண்டும் என்று ஆசை இருந்தால் அது நியாயமான ஆசை. எளிமையைப் பற்றி உபதேசம் செய்ய வருகிறவர்கள் பெரும்பாலும் வயிறு நிறைந்தவர்கள். அழகு பணக்காரன் வீட்டுச் சொத்து அல்ல. அழகுக்கு வாடகை கேட்பதுதான் அநியாயம்.

சரி, எங்கள் மேசைக்கு என்ன ஆயிற்று? கேந்தி நாலு கிலோ 200 ரூபாய். சம்பங்கி ஒரு கிலோ 200. மல்லிகை அரைக் கிலோ 500. கோழிக்கொண்டையும் மரிக்கொழுந்தும் 150. மண்சட்டி, அகல், சுளகு எல்லாம் 250. கட்டுக்கூலி 400. மொத்தம் 1,700 ரூபாய். கட்டுக்கூலி, கடைக்காரர் தருகிறதைப்போல் இரண்டு மடங்கு. அந்தச் சகோதரி அதற்கு மேல் கேட்கவில்லை. நாங்கள் குறைக்கவும் இல்லை. முதல் நாள் சாயங்காலமே, பெண்ணின் தகப்பனார் கையாலேயே கொடுத்தார். அதன்பிறகு அவர் சொன்னபடியே குருத்துப் பின்ன வந்து உட்கார்ந்தார். இராத்திரி பதினொரு மணி வரை இருந்தார். அதற்குக் கூலி என்று யாராவது பேச்செடுத்திருந்தால் கோபித்துக்கொண்டிருப்பார்.

மேசை பூரண லட்சணமாக இருந்தது என்று சொல்ல மாட்டேன். ஒரு வாழைத்தண்டைச் சற்றுக் கோணலாக அறுத்துவிட்டோம். மாப்பிள்ளை அழைப்பின்போது சாய்ந்து, பன்னீர்ச் செம்பைத் தட்டிவிட்டது. கிளிகளில் பாதி பத்து மணிக்கே பழுத்துப்போயின. மண்டபத்து மேனேஜர், வெளி அலங்காரத்துக்கு அனுமதி வாங்கினீர்களா என்று கேட்டுக்கொண்டு வந்தார்; சுளகையும் சேலையையும் பார்த்துவிட்டு, எதற்கு அனுமதி கேட்பது என்று தெரியாமல் போய்விட்டார். வந்தவர்கள் நின்றார்கள், படம் எடுத்தார்கள். கிளி பின்னிய பையன்கள் தங்கள் கிளியைத் தேடிக் காட்டிக்கொண்டிருந்தார்கள்.

மத்தியானம் மேசையைப் பிரித்தோம். வாழைத்தண்டு மாட்டுக்குப் போயிற்று. சுங்குடிச் சேலையை மறுவீட்டுக்குப் பெண்ணின் தாயாரே கட்டிக்கொண்டார். மண்சட்டிகளில் ஒன்று கீறல் விட்டிருந்தது. மற்ற நான்கையும் அடுத்த தெருவில் ஐப்பசியில் கல்யாணம் வைத்திருந்தவர்கள் வாங்கிக்கொண்டு போனார்கள். போகும்போது இரண்டு கேள்வி கேட்டார்கள்: கோணலில்லாமல் தண்டு அறுக்க யாரைக் கூப்பிடலாம், முழத்துக்குக் கட்டுக்கூலி என்ன கொடுத்தீர்கள்.